பஸ்ஸை நிறுத்திய ரோசலின் அக்கா

ரோசலின் அக்கா இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் கேம்ப் ரோட்டில் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். “ஆன்ட்டி, அம்மா காலையில எழுந்திருக்கவே இல்ல” என்றாள் அவர் மகள் போனில். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார்.

தாம்பரம் அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய குரலும் கோபமும் தெரியும். மேலதிகாரியிடமே “சொல்றதை முழுசா கேளுங்க சார்” என்பார். ஆனால் இங்கிலாந்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் அக்காவும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போயிருந்தோம்.

அது பழைய, சின்னக் கிராமம். தேன் நிறக் கல் வீடுகள், சாய்ந்து நிற்கும் கல்லறைகளோடு ஒரு தேவாலயம், பின்னால் ஓடை. சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோரும் பஸ்ஸுக்குத் திரும்பினோம். என் கணவர் மட்டும் வரவில்லை. அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அன்று மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. செல்போன் பஸ்ஸிலேயே கிடந்தது.

தேவாலயத்துக்குள் ஓடினேன், இல்லை. டீக்கடையிலும் இல்லை. தூறல் விழத் தொடங்கியது. பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு. எங்களை அழைத்து வந்த வழிகாட்டி இளைஞர் அக்காவிடம் வந்தார்.

“டிரைவர் இதுக்கு மேல வெயிட் பண்ண மாட்டாராம், மேடம். போலீஸ்ல சொல்லிட்டு நாம கிளம்பலாம்.”

“ஆளை விட்டுட்டா?” அக்கா அவர் கையைப் பிடித்துப் பஸ்ஸிலிருந்து இறக்கினார். “நீயும் எங்களோட வா தம்பி. நீ இல்லாம பஸ் போகாது இல்ல?”

பிறகு என்னிடம் கேட்டார்: “புது ஊருக்குப் போனா உன் வீட்டுக்காரர் முதல்ல எதைப் பார்ப்பார்? யோசிச்சுச் சொல்லு.”

“தண்ணி” என்றேன். குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர். ஏரி, வாய்க்கால் எதைக் கண்டாலும் நின்றுவிடுவார்.

ஓடைக்கரையோடு நடந்தோம். சேற்றில் கால் வழுக்கியது. ஒரு பழைய மில்லின் சுவரில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரியவில்லை.

“சர்க்கரை இறங்கிடுச்சு” என்று அக்கா சேற்றில் மண்டியிட்டார். டீக்கடையில் கொடுத்த ஜாம் பாக்கெட்டைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்து, அவர் கன்னத்தின் உட்புறம் விரலால் தடவினார். “முழுங்குங்க சார். மெதுவா. இன்னும் கொஞ்சம்.”

காத்திருந்தோம். அந்த நேரத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

“ரோசலின்... இது எந்த ஊரு?” என்றார் கடைசியில்.

“நம்ம ஊரு மாடம்பாக்கம் இல்ல சார், அது மட்டும் நிச்சயம்” என்றார் அக்கா. வழிகாட்டி இளைஞர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் முணுமுணுத்தவர்கள் மன்னிப்புக் கேட்க வந்தார்கள். “அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு சால்வை குடுங்க” என்றார் அக்கா.

விடுதியில், “உங்களுக்குப் பயமே இல்லையா அக்கா?” என்று கேட்டேன். “வழியெல்லாம் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலையே.”

“பயம் இல்லாம இருக்குமா? உன் முகத்தைப் பார்த்திருந்தா நானும் அழுதிருப்பேன். அதான் பார்க்கல.”

அடக்கத்தன்று அவர் முகத்தை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என்னிடம் தங்கியிருப்பது அந்த முகமல்ல. தூறலில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் திரும்பாமல் நடந்துபோன அந்த முதுகுதான்.