துண்டை யார் வீசுவது?

அவருடைய கம்ஷீல்ட் என் மடியில் வந்து விழுந்தது. குத்துச்சண்டைக்காரர்கள் பல் உடையாமல் இருக்க வாயில் கடித்துக்கொள்ளும் ரப்பர் உறையைத்தான் சொல்கிறேன். அதில் எச்சிலே இல்லை. வெறும் இரத்தம். சூடாக என் பச்சைச் சேலையில் ஒட்டிக்கொண்டது. நான் மேடைக்குக் கீழே முதல் வரிசைக் கதிரையில் இருந்தேன். மேலே என் வீட்டுக்காரர் கயிற்றில் சாய்ந்து, தரையில் எடுத்துப் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்த உறையை வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து அச்சுப் பதிக்க வேண்டும். அதற்கு என் அடுப்பில்தான் தண்ணீர் கொதித்தது. அவருடைய மேற்பல் வரிசை அப்படியே அதில் பதிந்திருந்தது. குனிந்து பார்த்தபோது அவருடைய பற்கள் என் மடியில் கிடப்பது போல இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு கேள்வி. நான் கண்டி டவுனில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்கிறேன். கொப்பியும் பரீட்சை வினாத்தாளும்தான் அதிகம் போகும். ஆனால் என் வீட்டுக்காரர் பழைய பொக்சர் என்பது தெரிந்தவர்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "அக்கா, பொக்சிங் பத்தி நல்ல புக் ஏதும் இருக்கா?" என்று கேட்பார்கள். போன மாதம் அம்பிட்டியவில் பிள்ளைகளுக்குப் பொக்சிங் பழக்குகிற ஒரு சேர் வந்தார். தங்கள் மண்டபத்தில் ஒரு அலுமாரி நிறையப் புத்தகம் வைக்கப் போவதாகவும், நல்லதாகச் சொல்லும்படியும் கேட்டார். வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன். அடக்கியதை இங்கே எழுதுகிறேன்.

முக்கால்வாசிப் புத்தகங்கள் குப்பை. ஒரு ஏழைப் பையன், பசி, அழுகிற தாய், ஒரு பயிற்சியாளர், கடைசிப் பக்கத்தில் கையைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ. அத்தோடு புத்தகம் முடிந்துவிடும். மறுநாள் காலையில் பல் துலக்க பிரஷைப் பிடிக்க முடியாத கையை எவனும் எழுத மாட்டான். சிறுநீரோடு இரத்தம் போவதை எழுத மாட்டான். பெண்டாட்டி என்று ஒருத்தி வருவாள். வாசலில் நின்று அழுவாள், சிலுவை போட்டுக்கொள்வாள், காயத்துக்கு மருந்து தடவுவாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. நான் அழவில்லை. மருந்தும் தடவவில்லை. நான் செய்தது வேறு.

என் வீட்டுக்காரர் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கண்டிக்கு வந்து ஒரு கராஜில் டிங்கர் வேலை பார்த்தார். அடிபட்டு நசுங்கிய வாகனங்களின் தகரத்தைத் தட்டித் தட்டி நேராக்குவார். பேச்சு குறைவு. பகல் முழுக்கத் தகரத்தை அடித்துவிட்டு மாலையில் போய் மனிதனை அடிப்பார், அடி வாங்குவார். "இதுல என்னாங்க சொகம்?" என்று கலியாணமான புதிதில் கேட்டேன். "ரிங்குக்குள்ள ஒருத்தன்தான் அடிப்பான். வெளியில எல்லாரும் அடிக்கிறானுக" என்றார். அந்தப் பதிலுக்காக அவரைக் கொஞ்ச காலம் பெரிய ஞானி என்று நினைத்திருந்தேன்.

அவருடைய அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். தேயிலை ஃபெக்டரியில் ட்ரையர் பார்ப்பவர். ட்ரையர் என்றால் அரைத்த கொழுந்தைக் காயவைக்கும் பெரிய சூட்டு மெஷின். தம்பி சண்டை போடும்போது மூலையில் நின்று முகம் துடைப்பது, தண்ணீர் கொடுப்பது, கத்துவது எல்லாம் அத்தான்தான். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு போட்டிருப்பார். சண்டைக்காரன் இனித் தாங்க மாட்டான் என்றால் மூலையில் இருப்பவன் அந்தத் துண்டை உள்ளே வீச வேண்டும். நடுவர் நிறுத்திவிடுவார். அத்தான் கழுத்தில் கிடந்த துண்டு அந்த வேலைக்கு ஒரு நாளும் போனதில்லை. அதில் அவருக்குப் பெருமை.

நான் முதலில் சொன்ன அந்தச் சண்டையின்போது, அவர் பழகிய கிளப்பில் அவருடைய எடைப் பிரிவுக்கு வேறொருவன் இருந்தான். அதற்குக் கீழ்ப் பிரிவுக்குத்தான் ஆள் இல்லை. இவரை இறக்கினால் இரண்டு இடமும் நிரம்பும் என்று கணக்குப் போட்டார்கள். இவரோ எலும்பும் தசையுமாக இருப்பவர், குறைக்கக் கொழுப்பே கிடையாது. அப்போதுதான் அத்தான் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். தமிழில் வந்த, பெரிய வீரன் ஒருவனின் கதை. அவன் ஒரு சூடான அறைக்குள் அடைந்து கிடந்து, வியர்வையாகவே எடையை இறக்கி, எழுந்து போய் வென்றானாம். "மன உறுதி" என்று அந்த அத்தியாயத்துக்குப் பெயர். அத்தான் அதை அடிக்கோடிட்டு வைத்திருந்தார். சூடான அறைக்கு அவர் எங்கே போவார்? அவருக்குத் தெரிந்த சூடான அறை ஒன்றே ஒன்றுதான்.

எடை பார்ப்பதற்கு முதல் நாள் மத்தியானம் மனம் கேட்காமல் பஸ் பிடித்து ஃபெக்டரிக்குப் போனேன். ட்ரையருக்குப் பக்கத்தில் சாக்குகளின் மேல் அவரை உட்கார வைத்திருந்தார்கள். உடம்பைச் சுற்றிப் பொலித்தீன், அதற்கு மேல் இரண்டு கம்பளிச் சட்டை. வாயில் கொறக்காப்புளி. அந்தப் புளிப்புக்கு ஊறுகிற எச்சிலை எல்லாம் ஒரு பால்மாத் தகரத்தில் துப்பிக்கொண்டிருந்தார். எச்சில் குறைந்தாலும் எடை குறையுமாம். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. உதடு வெடித்திருந்தது. தேயிலை மணத்தோடு அவருடைய வியர்வை வேகிற மணமும் வந்தது.

"என்னா அத்தான் இது? வாட்டி எடுக்க இவரு என்னா கொழுந்தா?" என்றேன்.

"வாட்டுனாத்தான் தங்கச்சி நல்ல தூளு வரும்" என்று சிரித்தார். அங்கே வேலை செய்த ஆட்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஒரு மொடக்கு தண்ணி" என்றார். அத்தான் போத்தலை நீட்டி, "கொப்பளிச்சுத் துப்பு. முழுங்குன, கொன்னுருவேன்" என்றார். அவர் கொப்பளித்துத் துப்பினார். துப்பிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில் காலத்தில் நாய்கூடத் தண்ணீரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாள் காலை எடை சரியாக நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு குடித்த தேத்தண்ணீரும் தின்ற பாணும் வயிற்றில் தங்கவில்லை. அந்த உடம்போடுதான் அன்று மாலையே மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

எதிரி கலகெதரப் பையன். நீளமான கை. முதல் சுற்று எப்படியோ போனது. இரண்டாவதில் அவன் அடிக்கத் தொடங்கினான். அடி விழுகிற சத்தத்தைப் புத்தகங்களில் இடி, வெடி என்று எழுதுகிறார்கள். பொய். ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம் அது. விலாவில் ஒன்று, தாடையில் ஒன்று, மறுபடி விலாவில். ஜனம் எழுந்து நின்று "கஹப்பன்! கஹப்பன்!" என்று கத்தியது. சிங்களத்தில் அடிடா என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் "அடி, அடி" என்றார்கள். மற்ற நேரம் எதிலும் ஒத்துப் போகாத ஊர், அடிக்கச் சொல்வதில் ஒரே குரலாக இருந்தது. அப்போது கீழிருந்து வந்த ஒரு அடியில்தான் கம்ஷீல்ட் பறந்து என் மடியில் விழுந்தது.

நடுவர் நிறுத்தினார். கம்ஷீல்ட் இல்லாமல் சண்டை தொடராது. நான் அதைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். அத்தான் மேடையிலிருந்து குதித்து வந்தார்.

"குடு தங்கச்சி."

"குடுக்க மாட்டேன்."

"வெளாட்டா இருக்கா ஒனக்கு? குடுங்குறேன்!"

"அவரு சாகப் போறாரு அத்தான். பாருங்க அவர."

"அவன் நிக்கிறான். நீ ஏன்டி விழுகுற?" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருகினார். சுண்டு விரலில் ஏதோ நழுவியது. அது இன்றைக்கும் நேராக நிற்காது. பிடுங்கிக்கொண்டு போய், தண்ணீரில் அலசி, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல அவருடைய வாயில் திணித்தார்.

மூன்றாவது சுற்றில் அவர் சண்டை போடவில்லை. நின்றார், அவ்வளவுதான். தலைக்கவசம் நழுவி ஒரு கண்ணை மறைத்தது. கை கீழே தொங்கியது. தலை ஒவ்வொரு அடிக்கும் பின்னால் போய்த் தானாகத் திரும்பி வந்தது. கயிறு கட்டித் தொங்கவிட்ட மணல் மூட்டை இப்படித்தான் ஆடும். அடித்துக்கொண்டிருந்த கலகெதரப் பையனே ஒரு தடவை கையை நிறுத்தி நடுவரைத் திரும்பிப் பார்த்தான். நடுவர் தொடரச் சொல்லிக் கையைக் காட்டினார். அத்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நில்லுடா தம்பி! நின்னாப் போதும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். துண்டு அவருடைய கழுத்தில் சுற்றிக் கிடந்தது. எங்கள் வீட்டுத் துண்டு, நீலக் கரை போட்டது.

நான் அத்தானுக்குப் பின்னால் படியில் ஏறி, துண்டின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். கழுத்து இறுகி, அத்தான் மல்லாக்க விழுந்தார். பின்மண்டை பலகையில் மோதியது. துண்டு என் கையோடு வந்தது. வீசினேன்.

நடுவர் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார். பிறகு வசவு தொடங்கியது. "பொம்பளைய ஏன்டா இங்க விட்டீங்க?" என்று எங்கள் ஆள் ஒருவனே கத்தினான். என் மேல் ஒரு சோடாப் போத்தல் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் காலடியில் கிடந்த துண்டைப் பார்த்தார். நீலக் கரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பை எந்தப் புத்தகத்திலும் நான் இதுவரை வாசிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தார், வாந்தி எடுத்தார், கைகால் இழுக்கத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஆளுக்குத் தண்ணி குடுக்காம வச்சிருந்தது யாரு?" என்பது. உடம்பு அப்படிக் காய்ந்து கிடக்கும்போது மூளையும் அடியைத் தாங்காது, உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று சொன்னார். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிழைத்து வந்தவர் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் சோறு போடும்போது, "நான் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்றார். எழுந்து போய் இரும்பு அலுமாரியை ஒரே குத்தாகக் குத்தினார். கதவு உள்ளே போய்விட்டது. ஊரார் வாகனத்தை எல்லாம் தட்டி நேராக்கியவர் அந்த ஒரு நசுங்கலை மட்டும் தொடவே இல்லை. அத்தான் வருவதை நிறுத்தினார். அவர்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு எனக்குச் சொல்வதில்லை. புருசனைத் தோற்கடித்தவள் என்று எனக்குப் பெயர். இருக்கட்டும். புருசன் இருக்கிறாரே. இத்தனை வருசமும், குடித்தால் ஒரு விதமாக, குடிக்காவிட்டால் இன்னொரு விதமாக, அவர் சொன்னது அந்த ஒரே வாசகம்தான். நான் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்.

இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. இடது கண் மங்கல். காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடுகிறார். அந்த ஒரு சண்டையால் மட்டும் வந்ததில்லை, அதற்கு முன்னே வாங்கிய அத்தனை அடியும் சேர்ந்துதான் இது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் கடையிலிருந்து கொண்டுவரும் பொக்சிங் புத்தகங்களை வாசித்துக் காட்டுவேன். இங்கிலிஷில் இருந்தால் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வேன். எந்தப் புத்தகம் நல்லது என்று எனக்குத் தெரிந்தது அவருடைய உடம்பைப் பார்த்துத்தான். ஜெயித்தவர்களின் பெருமைப் புத்தகம் என்றால் நாலு பக்கத்தில் தூங்கிவிடுவார், அல்லது தேத்தண்ணீர் கேட்பார். அந்த "மன உறுதி" புத்தகத்தை வாசித்தபோது, "இவன் யாரு, லூசா?" என்றார். தன் அண்ணன் கொண்டுவந்த புத்தகம் என்பது அவருக்கு நினைவில்லை. அது இன்னும் விற்கிறது. கடையில் அதைக் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். முதலாளி இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

பிறகு ஒரு புத்தகம் கிடைத்தது. தோற்றுக்கொண்டே இருந்த ஒருவன் தன் வாயால் சொன்ன கதை. கோப்பை கிடையாது, போட்டோ கிடையாது. ஒரே ஒரு சுற்றுக்கு ஒரு முழு அத்தியாயம். அடிப்பவனின் மூச்சு நாற்றம் முதல் இருக்கிறது. அன்றைக்கு அவர் ஜன்னலோரம் கிளாசில் கிடக்கும் பழைய கம்ஷீல்டை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டார். இடையில் வாயில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அதில் பதிந்த பல்லில் பாதி இப்போது அவரிடம் இல்லை. நான் வாசிக்க வாசிக்க அவருடைய தாடை நெஞ்சோடு ஒட்டியது. தோள் அசைந்தது. இடது கை தானாக உயர்ந்தது. கதையில் அந்த மனிதன் கயிற்றோரம் நின்று வாங்கிக்கொண்டே இருந்தான்.

"துண்ட வீசு" என்றார்.

நான் நிறுத்தினேன்.

"யாராச்சும் துண்ட வீசுங்கடா! அவன் செத்துருவான்! மூலையில ஆளு இல்லியா?" கண்ணில் தண்ணீர் நின்றது. "புள்ள, நீ வீசு."

அம்பிட்டிய சேருக்கு நான் சொல்வது இதுதான். அட்டையில் கை தூக்கி நிற்கிற புத்தகம் எதையும் வாங்க வேண்டாம். நடுவில் திறந்து ஒரு சண்டையை வாசியுங்கள். "அடி" என்று கத்தத் தோன்றினால் கீழே வைத்துவிடுங்கள். "போதும், நிறுத்துங்கடா" என்று வாய் தானாகச் சொன்னால் அதுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டிய புத்தகம். பெயர் வேண்டுமானால் கடைக்கு வாருங்கள், சொல்கிறேன். அந்த அலுமாரியின் கைப்பிடியில் ஒரு துண்டையும் தொங்கவிடுங்கள்.

அன்று நான் புத்தகத்தை மூடினேன்.

"நின்னுருச்சா?" என்றார்.

"நிப்பாட்டியாச்சுங்க."

பெரிய மூச்சு ஒன்று விட்டார். கையில் இருந்த கம்ஷீல்டை என் மடியில் வைத்தார். நான் அதைக் கைக்குள் மூடிக்கொண்டேன். சுண்டு விரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை யாரும் அதைப் பிடுங்க வரவில்லை.