கொக்கு தின்ற சோறு

கொக்கு சோறு தின்னாது. மீன் தின்னும், நத்தை தின்னும், தவளை தின்னும். சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தச் சடங்கை வைத்திருந்தார்கள்.

திருக்கோஷ்டியூருக்குப் பக்கம், மணிமுத்தாற்றின் கரையில் இருந்தது எங்கள் ஊர். ஆறு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் தை வரை தண்ணீர் கிடக்கும். மற்ற நாளெல்லாம் மணல். தண்ணீர் கிடக்கும்போது விடியற்காலையில் பனி இறங்கி எதிர்க்கரையே தெரியாது. அந்தப் பனிக்குள்ளிருந்து கொக்குகள் வரும். ஊரில் செத்தவன் காக்கையாக வருவான், கடலுக்கு அப்பால் செத்தவன் வெள்ளைக் கொக்காக வருவான் என்பார்கள். கொள்ளி வைக்க ஆளில்லாத ஆவி ஆற்றோடு அலையுமாம்.

பர்மாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோனவர்களின் மனைவிகள், தை அமாவாசையன்று சோற்றை உருண்டை பிடித்து ஆற்றுப் பாறையில் வைப்பார்கள். பனி விலகுவதற்குள் கொக்கு தின்றால் புருஷன் செத்துவிட்டான் என்று பொருள். அங்கேயே அவளை ஆற்றில் இறக்கித் தாலியை வாங்கிவிட வேண்டும். தின்னாவிட்டால் அவன் உயிரோடு இருக்கிறான். அடுத்த தை வரை பொட்டும் பூவுமாக இருக்கலாம். எந்தக் கொக்கும் தின்றதில்லை. எந்தப் பெண்ணும் வெறுங்கழுத்தோடு திரும்பியதில்லை. இதை ஏற்படுத்தியது யாரோ நல்ல மனசுக்காரியாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஊரில் பெண்களுக்கென்று இருந்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் என் பெரியப்பா கெடுத்தார். என் கையை வைத்துக் கெடுத்தார்.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். கட்டிய துணியோடு வந்தார்கள். என் அப்பா வரவில்லை. ஒருவர் ரங்கூன் துறைமுகத்தில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் பார்க்கவேயில்லை என்றார். அம்மா மூன்று வருஷம் சோறு வைத்தாள். மூன்று வருஷமும் எறும்புதான் தின்றது.

“ஒன் வீட்டுக்காரக அங்குட்டு எவளையோ சேத்துக்கிட்டு நல்லாத்தான்டி இருக்காக. நீ பூவ வையி” என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். அம்மா சிரித்துக்கொண்டே வைத்துக்கொள்வாள்.

எனக்கு எட்டு வயதானபோது, மார்கழிக் கடைசியில் பெரியப்பாவுக்கு என்மேல் திடீரென்று பாசம் வந்தது. அதுவரை என்னை ‘ஏய்’ என்று மட்டுமே கூப்பிட்டவர். சிங்கம்புணரிச் சந்தையிலிருந்து எனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்தார். அந்த ரிப்பனை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

“யாத்தா, ஒங்கப்பன் வரணுமா, வேணாமா?” என்றார்.

“வரணும்.”

“அப்ப நாஞ் சொல்றதச் செய்யி. பாறைக்கு வர்ற கொக்கச் சோறு திங்கப் பழக்கிட்டா ஒங்கப்பன் கப்பலேறி வந்துருவான். ஒங்காத்தாகிட்ட மூச்சு விடக்கூடாது. சொன்னேன்னா பலிக்காது.”

நான் நம்பினேன். அந்தச் சடங்கின் பொருளைப் பிள்ளைகள் காதுபட யாரும் பேசுவதில்லை. அமாவாசையன்று எங்களை ஆற்றுப்பக்கம் விடவும் மாட்டார்கள். தினமும் காலையில் பெரியப்பா ஒரு கொட்டாங்கச்சியில் அயிரை மீன் கொடுப்பார். ‘வெளிக்குப் போறேன்’ என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு ஆற்றுக்கு ஓடுவேன். முதலில் வெறும் மீன் வைத்தேன். பிறகு சோற்றின்மேல் மீன். பிறகு சோற்றுக்குள் மீன், வால் மட்டும் வெளியே தெரிய. ஒரு நொண்டிக் கொக்கு பழகியது. சோறும் மீனுமாக அள்ளிக்கொள்ளும். பனிக்குள் நான் நடந்து வரும் சத்தம் கேட்டாலே பாறைக்கு வந்து நின்றுவிடும். அதற்கு நான் அப்பா என்றே பெயர் வைத்திருந்தேன்.

தை அமாவாசை வந்தது. அதுவரை பாறைக்குச் சோற்றை அம்மாதான் எடுத்துப் போவாள். அந்த வருஷம் பெரியப்பா, “பெத்த புள்ள கொண்டுபோயி வைக்கிறதுதான் மொறை. எட்டு வயசாச்சுல்ல?” என்றார். அம்மாவும் சரி என்றாள். கொக்கு சோறு தின்னாது என்று அவளுக்குத் தெரியுமே.

வீட்டில் அன்று விரதம். ஆற்றுக்குப் புறப்படும்போது பெரியப்பா யாரும் பார்க்காமல் என் கைக்குள் இரண்டு அயிரையைத் திணித்தார். கரையில் அம்மா உருண்டை பிடித்து இலையில் வைத்துக் கொடுத்தாள். பனிக்குள் நடந்துபோகும்போது மீனை உள்ளே அமுக்கினேன். பாறையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். ஏழெட்டுப் பெண்கள், நாலைந்து ஆண்கள். எல்லோரும் சும்மா ஒரு கடமைக்கு நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி கொட்டாவி விட்டாள்.

நொண்டிக் கொக்கு வந்தது. ஒரு சுற்று நடந்தது. கழுத்தை நீட்டிச் சோற்றைக் கொத்தியது.

நான் கைதட்டிக் குதித்தேன். “தின்னுருச்சு, ஆத்தா! தின்னுருச்சு!”

 பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, “தம்பி, போயிட்டியேடா” என்றார். கண்ணீர்கூட வந்தது அந்த மனிதருக்கு. என்ன பிறவியோ.

அப்பா உயிரோடு இருக்கிறவரை அவர் கையெழுத்து இல்லாமல், அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிக்காத நிலத்தை விற்க முடியாது. செத்துவிட்டார் என்று ஊர் சொல்லிவிட்டால் அம்மாவின் கைநாட்டு போதும். அடுத்த மாசமே பெரியப்பா அதை விற்றார். இதெல்லாம் எனக்குப் பதினைந்து வயதில்தான் தெரிந்தது. அப்பா செத்தாரா, இருந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. நான் மீன் வைத்ததால் அவர் செத்தார், அவ்வளவுதான்.

அன்று அம்மா அழவில்லை. கைதட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து என் இரண்டு கையையும் பிடித்து முகர்ந்தாள். அப்புறம் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று ஆற்றுக்குள் இழுத்துப் போனாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. மணலை அள்ளி என் உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். தோல் சிவந்து எரிந்தது.

“அங்க என்னத்தா பண்ற? நேரமாகுதுல்ல?” என்று கரையிலிருந்து பெரியப்பா கத்தினார்.

“எதுக்கு அவசரப்படுறீக? புள்ள கையில சோறு ஒட்டியிருக்கு. கழுவிட்டு வாரேன்” என்றாள் அம்மா. 

அவள் அந்தக் கையைத் தூக்கி ஊருக்குக் காட்டியிருந்தால் தாலி தப்பியிருக்கும். ஆனால் கையில் மீன் நாற்றம் இருந்தது எனக்குத்தான், பெரியப்பா தன் கையை எப்போதோ கழுவியிருப்பார். அவர் தெரியாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். அப்பனைச் சாகடிக்க மீன் வைத்தவள் என்று என்னைத்தான் காலத்துக்கும் சொல்லியிருப்பார்கள்.

அம்மா மறுபடி என் கையை முகர்ந்து பார்த்தாள். இன்னொரு பிடி மணல் போட்டுத் தேய்த்தாள். திரும்பவும் முகர்ந்தாள். வாடை போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் கையை விட்டாள். தாலியை வாங்கப் பெண்கள் தண்ணீரில் இறங்கி நின்ற இடத்துக்கு நடந்துபோய்க் குனிந்து கழுத்தைக் காட்டினாள்.

விரத நாளில் மீனைத் தொட்டதற்குத்தான் அப்படித் தேய்த்தாள் என்று நினைத்தேன். கை எரிந்த கோபத்தில் இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.