எந்தப் பக்கத்துச் சிப்பாய்

"மாமா, இட்லித் தட்டுல என்ன இது?"

"தொடாத. பெயின்ட் காயல."

"பொம்மையா?"

"பொம்மைன்னா விளையாட்டுச் சாமான். இது ஆட்டத்துக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

செம்பியன் கொஞ்சம் யோசித்தார். "இல்ல," என்றார். பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினார்.

"சரி, யாரு ஆடுவாங்க?"

"நான்தான்."

"எதுர்ல?"

"எதுர்லயும் நான்தான்."

"அப்ப ஜெயிக்கிறது?"

"அது பகடை எப்படி விழுதோ அப்படி."

எம்.எஸ்ஸி. படிக்க அக்கா வீட்டில் தங்க வந்த முதல் வாரத்தில் இலக்கியாவுக்கும் அவருக்கும் நடந்த பேச்சு இது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. இவ்வளவு கேட்டதே அவளுக்கு ஜாஸ்தி. கேட்டும் ஒன்றும் புரியவில்லை.

அக்கா பவானியின் கணவர் செம்பியன் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போவார். அங்கே ஓர் இன்ஜினியரிடம் வீட்டு பிளான் வரைகிற வேலை. ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவரும் சன்னலும் வரைந்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டியதும் உட்கார்ந்துவிடுவார். கட்டைவிரல் உயரச் சிப்பாயை சோடா பாட்டில் மூடியில் பசை வைத்து நிறுத்தி, மூடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வர்ணம் பூசுவார். நாலு முடி மட்டும் இருக்கிற பிரஷ். மீசைக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

"என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா மாமா?" என்பாள் பவானி.

"நீ அசையாம நிக்க மாட்டியே."

ஆட்டம் என்னவோ பழைய கதைதான். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கடலூரில் போட்டுக்கொண்ட சண்டை. சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி, தெர்மோகோல் கோட்டை, கெடிலம் ஆற்றுக்குப் பவானியின் பழைய நீலத் தாவணி. வெள்ளைக்காரர்களில் குழப்பமில்லை, இரண்டு பக்கமும் உடுப்பு வேறு. நம்மூர்ச் சிப்பாய்கள் இரண்டு பக்கமும் உண்டு. அவர்கள் என்ன நிறக் கோட்டு போட்டார்கள் என்று உறுதியாகத் தெரியாததால் எல்லாருக்கும் சிவப்பையே போட்டுவிட்டார். சிப்பாய் நிற்கிற காலடி வட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு பக்கத்துக்குச் சிவப்புக் கோடு, மறுபக்கத்துக்கு நீலம். முகங்கள்தான் தனித்தனி. ஒருவனுக்கு ஆபீஸ் காத்தவராயனின் தொங்கு மீசை. ஒருவனுக்கு நெற்றியில் மயிரிழை விபூதி.

இத்தனை வருஷத்தில் எதிரே உட்கார ஓர் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் இந்த மாதிரி ஆட்டக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் யாசர் அகப்பட்டான். பரங்கிப்பேட்டைக்காரன், துபாயில் வேலை, அங்கே ஒரு கிளப்பில் வெள்ளிதோறும் ஆடுகிறவன். லீவில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான்.

சனிக்கிழமை செம்பியனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாசர் அனுப்பியிருந்த படங்களில் எல்லா வட்டுகளின் ஓரமும் மொழுமொழுவென்று கறுப்பு. தன்னுடையவை திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி அவருக்குத் தோன்றின. மத்தியானமே உட்கார்ந்து அத்தனைக்கும் கறுப்படித்தார். இலக்கியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அழகாகத்தான் இருந்தது.

யாசர் பேரீச்சம்பழ டப்பாவோடு வந்தான். "மாஷா அல்லாஹ், என்ன கை அண்ணே உங்களுக்கு!" என்றான். செம்பியன் காது வரை சிவந்துபோனார். தனித்தனிப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கியதால் தொடக்கத்தில் ஒரு சிக்கலும் இல்லை. அவர் இங்கிலீஷ், யாசர் பிரெஞ்சு. யாசர் யோசிக்கிற நேரமெல்லாம் செம்பியன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமல் காத்திருப்பது அவருக்குப் புதுசு.

தாவணியின் மேல் இரு பக்கத்துச் சிப்பாய்களும் மோதி நெருங்கி நின்றபோது பவானி காபி கொண்டுவந்தாள். டம்ளருக்கு இடம் பண்ண யாசர் ஒரு கை அள்ளி ஓரமாக வைத்தான். திருப்பி வைக்கப் போனவன் நின்றான்.

"அண்ணே, இதுல எவன் எவனோட ஆளு?"

"ஓரத்துல..." என்று எடுத்துப் பார்த்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எல்லாம் கறுப்பா இருக்கே?"

"நேத்துதான் அடிச்சேன்."

யாசர் விழுந்து விழுந்து சிரித்தான். "சம்பளம் குடுத்தவன்தான் வேற, ஆளு எல்லாம் ஒரே ஊரு! வுடுங்க, பாதி நீங்க, பாதி நான்."

"இரு தம்பி. இவன் என்னோட ஆளு. இல்ல... இரு." ஒவ்வொருவனுடைய மூக்கும் புருவமும் அவருக்கு மனப்பாடம். எந்தப் பக்கம் என்பது மட்டும் நினைவில்லை. காத்தவராயன் மீசைக்காரனை இந்தப் பக்கம் வைத்தார், எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

யாசருக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. இரண்டு நாளில் ஃப்ளைட். "அடுத்த லீவுல முடிச்சிடுவோம் அண்ணே. ஆனா ஆளப் பிரிச்சு வைங்க, அப்பதான் ஆட்டம்" என்று மேசையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனான்.

மேசையைக் கலைக்க அவர் விடாததால் அந்த வாரம் முழுக்க மூவரும் தரையில்தான் சாப்பிட்டார்கள். ஒரு ஆட்டம் நின்றதற்கு மனிதர் ஏன் இப்படிச் சோறு இறங்காமல் இருக்கிறார் என்று இலக்கியாவுக்கு விளங்கவில்லை. யாசர் மறுபடி வருவானா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் சிப்பாய்களைப் பிரிப்பார், கலைப்பார், மறுபடி பிரிப்பார்.

சனிக்கிழமை சிப்பாய்கள் இருந்த இட்லித் தட்டோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"இலக்கியா, நீ பிரிச்சுக் குடேன்."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதே மாமா."

"அதான் உன்னக் கேக்குறேன். நான் பிரிச்சா பெயின்ட் நல்லா வந்தவன எல்லாம் எம் பக்கம் வச்சுக்குறேன். மூணு தடவ பாத்துட்டேன், கை அப்படித்தான் போவுது. உங்க அக்காவ விட்டா எனக்குப் பாவம் பாத்து அப்படியே பண்ணுவா. நீ பிரி. உனக்கு எப்படித் தோணுதோ அப்படி. நான் பக்கத்துல நின்னா சரிவராது, கீழ வீதி வரைக்கும் போயிட்டு வரேன், அதுக்குள்ள பண்ணிடும்மா."