கிறேசம்மா உடைத்த கண்ணாடி

கிறேசம்மாவின் வீட்டு அலுமாரியில் பொன்கரை போட்ட வெள்ளைக் கோப்பைகள் இருக்கின்றன. பாரிசில் இருக்கும் தமக்கை அனுப்பியவை. நெடுந்தீவில் இப்படி ஒரு செற் இல்லாத வீடு குறைவு. வீட்டிலுள்ளவர்கள் சில்வர்ப் பேணியில் குடிப்பார்கள். பாதரோ பெரிய உத்தியோகத்தரோ வந்தால்தான் கோப்பைகள் வெளியே வரும். நல்ல சாமானைப் பூட்டி வைப்பவரைத்தான் எங்கள் ஊர் பொறுப்பான ஆள் என்று சொல்லும். அந்தப் பொறுப்பை நினைத்தாலே எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது.

நான் அவளுடைய பக்கத்து வளவுக்காரன். அவள் புருசன் றஜீவனுக்குக் கட்டாரில் வேலை. இவள் மாடு வளர்த்து, விடியப் பால் கறந்து, வாளியோடு வீடு வீடாகப் போய் ஊற்றுவாள். பின்னால் மூன்று வயது மகள் நிலுஜா கதைத்துக்கொண்டே வருவாள். கிறேசம்மா அதிகம் பேசமாட்டாள். கோயில் கூட்டத்தில்கூட வாய் திறந்ததில்லை. பால் தண்ணியாக இருக்கிறதென்று யாராவது சொன்னால் மட்டும் வாளியைக் கொண்டுபோய் அவர் மூக்குக்குக் கீழே பிடிப்பாள்.

முந்திய மாரியில் நெஞ்சுச்சளி முற்றிய ஒரு குழந்தை, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேருமுன் நடுக்கடலில் செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஒரு ரப், அதுதான் கையில் பிடிக்கிற தொடுதிரைக் கணினி, கொடுத்தது. படம் பார்க்கிற ரப் மாதிரித்தான் இருந்தது. ஆனால் பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே பிடித்தால் மூச்சை எண்ணும். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவென்று காட்டும். எல்லாம் அந்த நிமிசமே யாழ்ப்பாணத்துக் குழந்தை வைத்தியருக்குப் போய்விடும். ஆபத்தென்றால் திரையில் சிவப்பு விழும். அவர் அங்கிருந்தே மருந்து சொல்லி, அவசரப் படகுக்கும் அறிவிப்பார். நாடா வெட்டி, வடை சாப்பிட்டு, எல்லோரும் கைதட்டினோம்.

கூட்டம் கலைந்ததும் நிலையப் பொறுப்பாளர் ஜெயரூபன் ரப்பை அதன் பெட்டிக்குள்ளேயே வைத்து, கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள் பூட்டினார்.

"கடற்காத்து அண்ணை. உப்புப் பட்டால் ஒரு மாசத்தில முடிஞ்சிடும்," என்றார் என்னிடம்.

ஊரும் தலையாட்டியது. பொறுப்பான பெடியன், அரசாங்கச் சாமானைத் தன் சாமான் மாதிரிப் பார்க்கிறான் என்றார்கள். நாய் பெற்ற தெங்கம்பழம், தானும் தின்னாது மற்றவரையும் தின்ன விடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. யார் சொல்வது? எல்லார் வீட்டிலும் அதே அலுமாரிதானே இருக்கிறது.

இந்த மாரி பிடித்தது. இருமல் இல்லாத வீடில்லை. பூசையில் பாதர் பேசுவது கேட்கவில்லை, அப்படி இருமல். யாழ்ப்பாணத்துச் சுகாதார அலுவலகத்திலோ ஒரு பெரிய திரையில் தீவுகளின் படம் இருந்ததாம். சிவப்பு வராத ஊர் பச்சையாகத் தெரியுமாம். ரப்பைத் தொட்டால்தானே சிவப்பு வரும்? நாங்கள் பச்சைப்பசேலென்று இருந்தோம். நோயில்லாத தீவென்று மேலதிகாரி அப்புத்துரை மெச்சி, சிறந்த நிலையத்துக்கான விருதையும் எங்களுக்கே அறிவித்துவிட்டார். எங்கள் தாதி பிரியவதனி ஒட்சிசன் மெசின் ஒன்று கேட்டு எழுதியிருந்தாள். நோய் வருத்தமே இல்லாத ஊருக்கு மெசின் எதற்கென்று அதை வேறு தீவுக்கு அனுப்பினார்கள். சீ! பிள்ளைகளின் சளியை மூடி மறைத்துப் பதக்கம் வாங்குகிற கூட்டம்.

விருது கொடுக்க அப்புத்துரை வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முதல்நாள் காலை, பால் ஊற்றப் போன கிறேசம்மா பாதி வழியில் திரும்பி என் படலைக்கு ஓடிவந்தாள். இடுப்பில் நிலுஜா, கையில் வாளி. ஓயாமல் கதைக்கிற பிள்ளைக்குப் பேச்சில்லை. மூக்கோரம் விடைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பிரியவதனி பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"சேர், ரப்பை எடுங்கோ. டொக்டருக்குக் காட்டவேணும்."

ஜெயரூபன் அலுமாரியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், திரும்பவும் அலுமாரியைத்தான் பார்த்தார்.

"நாளைக்குப் பெரியாக்கள் வருகினம், மிஸ்ஸி. மேலே ஒட்டின பேப்பரும் இன்னும் உரிக்கேல்லை. முதல்ல இருமல் பாணியைக் குடுத்துப் பாருங்கோவன்."

"தம்பி, பிள்ளைக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு," என்றாள் கிறேசம்மா.

"விளங்குது அக்கா. கொஞ்சம் பொறுங்கோ..."

அவள் பொறுக்கவில்லை. பிள்ளையை என்னிடம் தந்தாள். பால் வாளியைத் தூக்கி அலுமாரிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி நொறுங்கியது, பால் தரையெல்லாம் ஓடியது. கையில் கீறின இரத்தத்தோடு பெட்டியை எடுத்துப் பிரியவதனியிடம் நீட்டினாள்.

ரப்பில் சார்ஜ் இல்லை. திறந்து வைத்த நாளுக்குப் பிறகு யாரும் எடுத்துப் பாவித்ததுமில்லை, வயரில் போட்டதுமில்லை. பிரியவதனி அதை வயரில் போட்டுவிட்டு, இருந்த பழைய சிலிண்டரில் பிள்ளைக்கு ஒட்சிசன் பிடித்தாள். ரப்பின் கறுப்புக் கண்ணாடி எப்போது வெளிக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. கிறேசம்மா பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளிச்சம் வந்தது. கிளிப் மாட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் யாழ்ப்பாணத்து வைத்தியரின் முகம் தெரிந்தது. எந்த ஊசி, எவ்வளவு என்று சொன்னார், படகுக்கும் சொன்னார். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யத்தான் அந்தச் சாமானைத் தந்தார்கள்.

மாவலித்துறையில் பிள்ளையைப் படகில் ஏற்றும்போது ஜெயரூபன் மூச்சிரைக்க ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாரென்று நினைத்தேன்.

"அக்கா, அந்தச் சிவப்பைச் சோதனைக்குப் போட்டதெண்டு மாத்தி விடட்டே? நாளைக்கு விருது..."

கிறேசம்மா கடலுக்குள் காறித் துப்பிவிட்டுப் படகில் ஏறினாள். அவர் முகத்தில் துப்பியிருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

நிலுஜா பிழைத்தாள். நியூமோனியா, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை தப்பியிராதென்று வைத்தியர் சொன்னாராம். அவள் வீடு வந்த கிழமையே அப்புத்துரையும் ஜெயரூபனும் கமராக்காரனோடு வந்து இறங்கினார்கள். நவீன தொழில்நுட்பம் காப்பாற்றிய முதல் பிள்ளையாம், விருதோடு போடப் படம் வேண்டுமாம். வெட்கம் கெட்டவர்கள், கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டு இருந்தார்கள்.

கிறேசம்மா குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். அப்புத்துரைக்கு ஒரு பேணி, ஜெயரூபனுக்கு ஒரு பேணி. பிறகு அலுமாரியைத் திறந்து பொன்கரைக் கோப்பை ஒன்றை எடுத்து, அதில் பாலை ஊற்றி நிலுஜாவின் கையில் கொடுத்தாள். பிள்ளை அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

அப்புத்துரை பதறிப்போனார். "ஐயோ, நல்ல கோப்பை, பிள்ளை! உடைச்சுப் போடுவாள்."

கிறேசம்மா ஜெயரூபனைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"உடைக்கட்டும் ஐயா. பாவிச்சு உடைஞ்சால் ஒருத்தரும் சாகமாட்டினம்."