ரெஜினா டீச்சரின் கறுப்பு மணிகள்

பெரிய பேரன் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, அதற்குள் பதவி உயர்வும் வாங்கிவிட்டான். அவன் தங்கை பல் டாக்டர் படிப்பில் இரண்டாம் வருஷம். மகள் வயிற்றுப் பேத்தி ப்ளஸ் டூவில் பள்ளிக்கே முதல். கடைக்குட்டி காங்கேயத்துக் கபடிப் போட்டியில் கோப்பை வாங்கினான். இத்தனையையும் அன்று சாயங்காலம் ரெஜினா டீச்சரிடம் சொல்ல வைத்திருந்தேன். என் வீட்டுப் பக்கத்துப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தவர். என் பேரப் பிள்ளைகளின் பெருமையை அலுக்காமல் கேட்க அவரை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. பிள்ளைகள் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள். எல்லாரும் தூரத்தில் இருக்கிறார்கள்.

மத்தியானம் போன் வந்தது. காலேஜில் உங்கள் கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டிலிருந்து ஒருவர் பேசினார். சாம்பிள் சோதிக்கக் கோயமுத்தூர் போன இடத்தில் டீச்சருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது என்றார். அடுப்பில் இரண்டு பேருக்குப் போட்ட அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் தம்பி வந்து அங்கிருந்தே தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். கடைசியாக முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவரிடம் படித்த நீங்கள் போடும் நினைவு மலரில், ஐந்தாவதோடு நின்ற நான் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் அவர் சோதனை செய்த மணிகளுக்குப் பை தைத்தவள் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இரண்டு சரக்கைச் சேர்த்து மருந்து செய்ய ஒரு உலோகம் வேண்டும், பல்லேடியம் என்று பெயர், சேர்த்துவைப்பதோடு அதன் வேலை முடிந்தது, அது குறைவதில்லை என்று எனக்குச் சொல்லித்தந்தார். வழக்கமாக அது திரவத்தோடு கலந்து வீணாகப் போய்விடுமாம். கடுகை விடச் சின்ன கறுப்புப் பிளாஸ்டிக் மணிகளில் அதைப் பிடித்துவைத்தால், கழுவிக் கழுவித் திரும்பவும் வேலை வாங்கலாம். நொய்யல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சாயத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: “வேலை செஞ்சத சாக்கடையில விடலாமாம்மா?”

மணிகள் சிதறாமல் இருக்க, தையல் தெரிந்த என்னிடம் வலைத்துணியில் சின்னப் பை கேட்டார். திரவத்தில் மணி ஜவ்வரிசி மாதிரி உப்பும், அதனால் துணி இழுத்துக்கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம். லைக்ரா நூல் ஓடிய துணியாகத் தேடிக் கொடுத்தேன். சூட்டுத் திரவத்தில் லைக்ரா கரைந்து, பை நைந்து, மணியெல்லாம் பாட்டிலுக்குள் சிதறிவிட்டது. நைந்த பையை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“எக்ஸ்போர்ட் துணிங்க டீச்சர். வெள்ளைக்காரன் போட்டுக்கறதுக்கு நெய்ஞ்சதுங்க, வேக வெக்கறதுக்கில்லீங்க” என்றேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு இழுவை இல்லாத பாலியஸ்டர் வலையில், மணி உப்ப இடம் விட்டுப் பெரிதாகத் தைத்தோம்.

ஒரே மணிகள் திரும்பத் திரும்ப வேலை செய்தன. ஒரு பெரிய கூட்டத்தில் போய்ப் பேசியும் வந்தார். அதற்குப் பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. பாதி வேலையில், சூடு ஆறும் முன்னே, பையை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார். பை இல்லாத திரவத்தில் வேலை தொடர்ந்து நடந்திருக்கிறது. அப்படியென்றால் உலோகம் மணியை விட்டுக் கழன்று திரவத்தில் கலந்திருக்கிறது. வேலை செய்தது மணி இல்லை. அன்று அவர் சாப்பிடவில்லை.

“ஊரெல்லாம் சொல்லிட்டேன். அதே வாயால இல்லன்னு சொல்லணும்மா.”

“யாருக்குத் தெரியப் போகுது கண்ணு?”

“மணிக்குத் தெரியும்லாம்மா.”

அச்சுக்குப் போயிருந்த கட்டுரையை அவரே கடிதம் எழுதித் திரும்ப வாங்கினார். அப்போது யார் யார் சிரித்தார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். மணியில் உலோகத்தைப் பிடித்துவைக்கும் கொக்கியை மாற்றி மாற்றிப் பார்த்தார். வருஷங்கள் போயின.

ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் சமையலறை வரை வந்தார். “பைய எடுத்தேன், வேலை நின்னுட்டுதும்மா” என்றார். இந்த முறை உலோகம் மணியை விட்டுக் கழலவில்லை. எங்கள் ஊரில் மெஷின் நின்றால் தெருவே வந்து எட்டிப் பார்க்கும். வேலை நின்றதற்கு முகமெல்லாம் மலர்ந்த ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன். அந்த மணிகளில் எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கிறது என்று அளக்கத்தான் கோயமுத்தூர் போனார்.

அவருடைய சோதனை என் வீட்டிலும் நடந்துவிட்டது. அவரை எடுத்த பிறகு சாயங்காலம் நின்றுவிட்டது. டீ போடுவதில்லை. பேரன் போனில், “அப்பாயி, புது வீடு பாத்திருக்கறனுங்க” என்கிறான். “சந்தோசம் சாமி” என்று வைத்துவிட்டு, அதைச் சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் மிச்சம் இருப்பது, தைத்து அவர் வாங்காமல் போன ஒரு பையும், மணிக்குத் தெரியும் என்ற அந்தச் சொல்லும்தான்.

அஞ்சலிக் கூட்டத்தில் நீங்கள் மாலை போட்ட படம், அவர் வேலையில் சேர்ந்தபோது எடுத்ததாம். கறுகறுவென்று முடி, கண்ணாடி இல்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. என் டீச்சருக்கு முன்நெற்றியில் நரை, மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தழும்பு. லேபில், டூரில், யாராவது எடுத்த புதுப் படம் இருக்கும். தேடிப் பாருங்கள். டிபார்ட்மெண்ட் சுவரில் அதை மாட்டுங்கள். எனக்கும் ஒன்று தபாலில் போட்டுவிடுங்கள். சிரிக்காத படமானாலும் பரவாயில்லை.