யாகப்பன் போட்ட மதிப்பு

யாகப்பன் தன்னை ஒரு ரூபாய்க்குக்கூட மதிக்கவில்லை என்ற ஆத்திரம் முனிராஜுக்கு ஏழு வருஷமாக ஆறவில்லை.

1981இல் மாரண்டஹள்ளித் தக்காளி மூங்கில் கூடையில்தான் பெங்களூருக்குப் போகும். அடியில் இருக்கிற பழம் நசுங்கிச் சாறாக இறங்கும். அதற்கு முனிராஜ் மரப்பெட்டி அடித்துக் கொடுத்தான். ஒரு ரம்ப மெஷின், ஒரு தகரக் கொட்டகை, தொழில் ஆரம்பித்து ஆறே மாதம். பெரிதாக்க இருபதாயிரம் வேண்டும். பாங்கில் அடமானத்துக்கு நிலம் கேட்டார்கள், அவனுக்கு நிலம் கிடையாது. கூட்டுச் சேரும்படி கேட்கக் கம்பைநல்லூர் யாகப்பனிடம் போனான். அவர் மாந்தோப்புக் குத்தகைக்காரர். பிஞ்சு நிற்பதைப் பார்த்தே வரப்போகிற காய்க்கு விலை பேசுகிறவர்.

"இருபதாயிரம் போடுங்க, கால் பங்கு தரேன்."

"அப்ப முழுப் பட்டறையும் எம்பதாயிரம்ங்கற. எப்பிடி?"

"மாரண்டஹள்ளியிலிருந்து தெனம் பன்னெண்டு லாரி போவுதுங்க. லாரிக்கு எரநூறு பொட்டின்னாலும்..."

"லாரி ஊருக்கெல்லாம் போவும். ஒங்கிட்ட பொட்டி வாங்குனவன் எத்தினி பேரு?"

"பதினோரு பேருங்க."

"மறுக்கா வந்தவன்?"

முனிராஜ் தலையைச் சொறிந்தான். "மூணு பேரு."

"பூ கொட்டிப்போயிடும் தம்பி, அதுக்கு நான் காசு குடுக்கறதில்ல. பாதிப் பங்கு குடு, இருபதாயிரம் தரேன்."

"ரம்பத்துக்கும் கொட்டாய்க்குமே இருபதாயிரம் ஆச்சுங்களே! அப்ப எனக்கு வெலையே இல்லீங்களா?"

"ஒனக்கு இன்னும் காய் புடிக்கல."

வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டான். வீட்டில் பெண்டாட்டி செல்லி விட்டாளா? "ரம்பத்துக்கு வெல போட்டாரு, கொட்டாய்க்கு வெல போட்டாரு. கட்டுன புருசன் நீ அதோட சும்மாவே வந்தியா?" என்று சிரித்தாள்.

அந்த ரோஷத்தில், திரும்பி வராத எட்டு வியாபாரிகளையும் தேடிப் போய்க் கேட்டான். போன பெட்டி பெங்களூரிலிருந்து திரும்புவதில்லை, நடைக்கு நடை புதுப் பெட்டி வாங்கக் கட்டுப்படியாகாது என்றார்கள். அதன்பிறகு முனிராஜ் பெட்டியை விற்கவில்லை, வாடகைக்கு விட்டான். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரும் லாரிக்காரருக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுத்தான். கொட்டகை மூன்றானது.

நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்து, தக்காளியே இல்லை. யாகப்பன் வந்தார். "மறுக்கா வர்ற ஆளு எத்தினி?" என்றார். "முப்பத்திரெண்டு." "செரி" என்று பஸ் ஏறிவிட்டார். போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, நஷ்டத்தில் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டார். ஆனாலும் லாப வருஷத்தில் பாதியை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் முனிராஜுக்கு வயிறு எரியும். பாடுபடுகிறவன் இவன்.

1988இல் யாகப்பனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆள் விட்டு வரச்சொன்னார். கட்டிலோரம் மகள் இசபெல்லா உட்கார்ந்திருந்தாள். எப்படியாவது அந்தப் பாதியைக் குறைந்த விலைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வந்திருந்தான் முனிராஜ். அவன் வாய் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார். நாக்கு குழறியது.

"எம் பங்கை நீயே வாங்கிக்க. நாளைக்கு இவளுக்கும் ஒனக்கும் சண்ட வேணாம்."

"எவ்வளவுங்க?"

"நான் போட்ட வெலைய ஊரெல்லாம் சொல்லித் திட்டறியாமே. இந்த வாட்டி நீயே போடு. ரம்பம், கொட்டாய், பொட்டி அல்லாத்துக்கும் போடு. ஒனக்கும் ஒரு வெல போடு, கொறைக்காத. அதுல பாதிய இவ கையில குடுத்துடு."

அதுதான் அவர் அவனிடம் கடைசியாகக் கேட்டது.