சீர்த்தட்டில் வந்த ஆயில்

அம்மாவின் புது கார் வாசலுக்கு வந்த அன்று மாமா ஐந்து தட்டுகளோடு வந்தார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. முதல் தட்டில் தேங்காய், பழம். இரண்டாவதில் புடவை. மூன்றாவதில் மாலையும் எலுமிச்சம்பழமும். நான்காவதில் திருஷ்டிப் பூசணி. ஐந்தாவதில், மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் ஒரு முழம் மல்லிகை சுற்றி, ஐந்து லிட்டர் இன்ஜின் ஆயில் கேன் ஒன்று மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டில் எது புதிதாக வந்தாலும் தம்பி தட்டோடு வரவேண்டும். வீடு கட்டினாலும், போர் போட்டாலும், மாட்டுக்கொட்டகை போட்டாலும் பிறந்த வீட்டுச் சீர் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. வாங்கி மூலையில் வைக்கிற வழக்கமும் கிடையாது. கொடுத்தவர் கண் முன்னால் அது உபயோகத்தில் இருக்கவேண்டும்.

"கம்பெனில ஊத்திக் குடுத்து அனுப்பறது வெறும் தண்ணி அக்கா" என்றார் மாமா. "ஒரு நூறு கிலோமீட்டர் ஓடட்டும். அத்த வடிச்சி எறிஞ்சிட்டு இத்த ஊத்து. என் டிராக்டருக்கு இதான் ஊத்தறேன். பன்னெண்டு வருசமா கரும்பு இழுக்குது, ஒரு நாள் இருமுனது இல்ல."

அம்மா கண் கலங்கக் கேனை வாங்கிக்கொண்டார். நான் கேனின் பின்பக்கத்தைப் படித்தேன். நல்ல ஆயில்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டீசல் டிராக்டருக்கானது. எங்கள் கார் சின்ன பெட்ரோல் கார். அதன் கையேட்டில் 0W-20 என்று போட்டிருந்தது. இருக்கிற ஆயில்களில் அது மெலிந்த ஜாதி.

அம்மா கிராம செவிலியர். வேலை மலைமேல் கரியாலூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில், வீடு கச்சிராயபாளையத்தில். இத்தனை வருடமும் பஸ்ஸில்தான் மலை ஏறினார். பஸ் ஏறுகிற நேரமும் தடுப்பூசி போட ஆட்கள் வந்து காத்திருக்கிற நேரமும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஐம்பத்தொரு வயதில் கார் ஓட்டப் பழகி, இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து தானே தனியாக மலைக்கு ஓட்டிப் போவதாக வீட்டில் அறிவித்திருந்தார். ஏதாவது ஒரு வளைவில் வண்டி நின்றால் "அப்பவே சொன்னமே" என்று சொல்ல ஒரு ஊரே தயாராக இருந்தது. இன்ஜினில் எந்த ஆயில் இருக்கிறது என்பது அதனால் அற்ப விஷயமாக இல்லை.

நான் சங்கராபுரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்குத் தெளிவாகும். அன்று மதியமே நோட்டில் எழுதினேன். ஒன்று, புது இன்ஜினின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு; முதல் ஆயிரம் கிலோமீட்டரில் பிஸ்டன் வளையங்கள் அதோடு உரசி உரசித்தான் பொருந்தி உட்காரும். இரண்டு, அந்த உரசலுக்கு ஏற்ற ஆயிலை ஊற்றித்தான் அனுப்புகிறார்கள். கையேடு சொல்லும் நேரத்துக்கு முன்னால் அதை வடிக்கத் தேவையில்லை. மூன்று, குளிரில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் உச்சிக்கு ஏறவேண்டும். இந்த இன்ஜினின் துளைகள் மெல்லிய ஆயிலை நினைத்துப் போட்டவை. மோர் போகிற குழாயில் தயிரை ஊற்றக் கூடாது. நான்கு, மாமா.

நான்காவதற்கு எதிரே ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

"அவன் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு என்னால சொல்ல முடியாதுடி" என்றார் அம்மா.

"அப்ப ஊத்திடலாமா? மலையில நின்னா நர்சம்மா தள்ளிக்கினு போவீங்களா?"

"ஊத்தவும் வேணாம். சொல்லவும் வேணாம். நீதான படிச்சவ, ஏதாவது பண்ணு."

நான் படித்ததெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, பொய்தான் கைகொடுத்தது. கேனை மல்லிகையோடு தூக்கிக்கொண்டு போய், கிணற்று டீசல் இன்ஜின் இருக்கிற மோட்டார் கொட்டகையில் யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த வாரம் மாமா போனில் "ஊத்தியாச்சா பாப்பா?" என்று கேட்டபோது "ஆச்சுங்க மாமா" என்றேன். "வண்டி இப்ப எப்படி?" என்றார். "நல்லா கனமா இருக்குது" என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

ஆனால் மாமா கரும்புக்காரர். அவர் வீட்டில் வெல்லம் காய்ச்சிய காலத்தில், கொப்பரையிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் இழுத்து, கம்பி மாதிரி நூல் வருகிறதா என்று பார்த்துப் பாகுப் பதம் சொல்வது அவர் வேலை. பதம் பார்க்கிற அந்தக் கை இன்ஜின் ஆயிலையும் விட்டுவைப்பதில்லை. அதை நான் கணக்கில் எடுத்திருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. நேராக பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். நுனியிலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தார். விரல்களைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"இன்னா பாப்பா இது. இதுல கம்பியே வரலியே. இது நான் குடுத்தது இல்ல."

அம்மா டீயோடு வாசலில் நின்றார். நான் நிஜத்தைச் சொன்னேன். கேன் இருக்கிற இடத்தையும் சொன்னேன்.

மாமா கம்பியை நிதானமாக இருந்த இடத்திலேயே செருகினார். "நான் குடுத்தது ஆவாதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம். மூட்டைக்குப் பின்னாடி எதுக்கு ஒளிக்கணும்?" என்றார். அம்மா நீட்டிய டீயைக் கையில் வாங்காமல் திட்டுமேல் வைக்கச் சொன்னார். அக்கா கையிலிருந்து அவர் டீ வாங்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

நான் கையேட்டைக் கொண்டுவந்து பக்கத்தைக் காட்டினேன். "இந்தப் பொஸ்தவம் எழுதுனவன் நம்ம மலை ஏறியிருக்கானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"சரி, இப்பவே மலைக்குப் போவோம். அக்கா ஓட்டட்டும். மேல போயி கம்பிய உருவிப் பாப்போம். ஒரு நூல் எறங்கியிருந்தாலும் இந்தத் தண்ணிய வடிச்சிட்டு என்னுத ஊத்தணும். எறங்கலன்னா நான் வாயத் திறக்கல."

"சரிங்க மாமா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், வளையங்கள் பொருந்தி உட்காரும்வரை புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும் என்பது ஞாபகம் வந்தது. வியாழக்கிழமைதான் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கிளம்பும் முன் கம்பியைத் துடைத்து அளவு பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டேன். மேல் கோட்டில் சரியாக இருந்தது.

கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முன் சீட்டில் இருந்த மாமாவின் வலது கால், இல்லாத பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தது.

"ரெண்டாவது போடுக்கா."

"போட்டுதான்டா இருக்கேன்."

"ஆரன் அடி."

"காலியா இருக்கிற ரோட்ல யாருக்குடா அடிக்கறது?"

நான் பின்சீட்டிலிருந்து இன்ஜினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரே வேகத்தில் இழுக்காதீர்கள், கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள், திணறவிடாதீர்கள் என்று அம்மாவுக்கு முன்பே மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தேன். மருந்துச் சீட்டு மாதிரி அதை அப்படியே பின்பற்றினார். ஒரு வளைவில் பஸ் இறங்கி வந்தது. அம்மா ஓரம் கட்டி நின்றார். பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நர்சம்மா, இனிமே நம்ம வண்டிக்கு வரமாட்டீங்களா? உங்க ஜன்னல் சீட்ட யாருக்குக் குடுக்கறது?"

"நேரத்துக்கு எடுத்துக்கினு வந்திருந்தா நான் ஏன்யா கார் வாங்கறேன்" என்றார் அம்மா. பஸ் முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டு, கோபத்தில் இருப்பது ஞாபகம் வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரியாலூரில் சமமான இடம் பார்த்து நிறுத்தினோம். ஆயில் கீழே இறங்கப் பத்து நிமிடம் விடவேண்டும். பிறகு கம்பியை உருவி, துடைத்து, செருகி, மறுபடி உருவினேன். மேல் கோட்டைத் தொடவில்லை. மிகக் கொஞ்சம்தான். தரை சரிவு என்று சொல்லியிருக்கலாம். சூடு என்றும் சொல்லியிருக்கலாம். மாமா நம்பியிருக்கக்கூடும்.

"ஒரு அரிசி அளவு கம்மிங்க மாமா" என்றேன். போனில் இருந்த படத்தையும் நீட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "நெல்லரிசியா, சாமை அரிசியா?"

"சாமை."

"ம்" என்றார். "புது இன்ஜின் மொதல்ல கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். என் டிராக்டரு ஒரு மாசம் குடிச்சிது."

"தெரிஞ்சிதான் பந்தயம் கட்டுனீங்களா?"

"பின்ன. ஒளிச்சி வெக்கத் தெரிஞ்சவ இதையும் ஒளிக்கறியான்னு பாத்தேன்." பிறகு நிமிர்ந்து, "ஆனா பந்தயம் பந்தயம்தான். என்னுத ஊத்தணும்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாவியை ஒரு விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பந்தயம் நீங்க ரெண்டு பேரும் கட்டுனது. வண்டி என்னுது" என்றார். "டேய், உன் சீரு எனக்கு வேணும். ஆனா அது கெணத்து டீசல் இன்ஜினுக்குப் போவுது. அதுக்கு உன் ஆயில்தான் சரின்னு இவளே சொல்றா. இந்தக் காரக் கழுவற தண்ணி அந்த இன்ஜின்லதான வருது."

அந்த இன்ஜின் கரண்ட் போனால்தான் ஓடும் என்பதை நான் சொல்லவில்லை. டீசல் இன்ஜினுக்கு எந்த ஆயில் சரி என்று அம்மா என்னிடம் கேட்கவே இல்லை என்பதையும் சொல்லவில்லை. ஆனால் கேட்டிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மாமா பானெட்டை மூடினார். "பூவெல்லாம் காஞ்சிருக்கும்" என்றார்.

"வேற பூ வாங்கிக்கினு நீயே வந்து ஊத்து."

"அப்ப கீழ போயி எனக்கு டீ போடு. காலைல போட்டது ஆறிப்போச்சி."

அடுத்த ஞாயிறு புது மல்லிகையோடு வந்து கிணற்று இன்ஜினில் அவரே ஆயில் மாற்றினார். ஊற்றுவதற்கு முன் விரலில் தொட்டுப் பதம் பார்த்து எனக்கும் காட்டினார். அழகாகக் கம்பி வந்தது.

ஒன்றாம் தேதி காலை அம்மா தனியாகக் கிளம்பினார். நான் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. மலை மேல் காற்று பேச்சைப் பாதி விழுங்கியது.

"வந்துட்டேன்டி. பத்து நிமிசம் விட்டு நானே கம்பிய உருவிப் பாத்தேன். அன்னிக்கு நின்ன எடத்துலயே நிக்குது, எறங்கல."

"மாமாகிட்ட சொல்லட்டுமா?"

"அவனுக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன்" என்றார் அம்மா. "ஊசி போட ஆள் நிக்குது, வெக்கறேன்."